பின்னால் அடித்தால் முன்னால் கேட்கும்: பிக்கப்பில் வரும் அந்த ‘டப்’ சத்தம்

வாசகர் கேள்வி: என்னிடம் ஒன்பது வருடம் ஓடிய டபுள் கேபின் பிக்கப் இருக்கிறது. டீசல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். ஐந்து மாதமாக, நின்று கிளம்பும்போதெல்லாம் ‘டப்’ என்று ஒரே ஒரு சத்தம். இடது முன்பக்கம், கால் வைக்கும் தரைக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கிறது. வீட்டுச் சரிவில் கோணலாக ஏறும்போதும் வருகிறது. நேராக ஓடும்போது இல்லை, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் இல்லை. நல்ல மழை பெய்தால் இரண்டு நாள் காணாமல் போய்விடுகிறது. பின்னால் அரை டன் பாரம் ஏற்றினால் சுத்தமாக வருவதில்லை. மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்துவிட்டேன். ஸ்டெபிலைசர் லிங்க், முன் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் லோயர் பால் ஜாயின்ட் எல்லாம் புதிது. சத்தம் மட்டும் பழையது. குடும்பத்தோடு நீண்ட பயணம் போகப் பயமாக இருக்கிறது. ஓட்டலாமா? அடுத்து எதை மாற்றுவது?

பதில்:

வணக்கம். அடுத்து எதையும் மாற்றாதீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் ஐந்து மாதமாக உங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. இன்னொரு பாகத்தை வாங்கி மாட்டுவதற்கு முன்னால் அந்தச் சத்தத்தை நீங்கள் நினைத்தபோது வரவைக்கத் தெரிய வேண்டும், வரவைத்து எந்த இடம் அசைகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஓட்டலாமா என்றால், வண்டியை எடுப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் வீல் நட். நாலு சக்கரத்திலும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவுக்கு முறுக்குங்கள். மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய பிறகு 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப முறுக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. இரண்டாவது, பின் ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட், ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு. நட் எல்லாம் இருக்கிறதா, ஏதாவது ஒன்று கீழே இறங்கி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றாவது, பட்டைகளில் மேலே இருக்கும் மெயின் பட்டை, இரண்டு முனையிலும் வளையமாகச் சுருட்டியிருக்குமே அதுதான், அதில் எங்காவது வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று தவறாக இருந்தாலும் வண்டி நகரக் கூடாது. மூன்றும் சரியென்றால் பக்கத்தில் போய்வர நிதானமாக ஓட்டலாம். குடும்பத்தோடு தூரப் பயணம் மட்டும் சத்தம் எங்கே என்று தெரியும்வரை தள்ளிப்போடுங்கள், உங்கள் பயம் நியாயமானது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, பாரம் ஏற்றினால் சத்தம் இல்லை என்பது. பின்னால் அரை டன் ஏற்றும்போது முன் சக்கரங்களின் மேல் இருக்கும் எடை பெரிதாக மாறுவதில்லை, கிட்டத்தட்ட முழுப் பாரமும் பின் பட்டைகளின் மேல்தான் உட்காருகிறது. முன்பக்கத்து பால் ஜாயின்டோ லிங்க்கோ சத்தம் போட்டால், பின்னால் மூட்டை ஏறியதை அது கவனிக்கவே கவனிக்காது. சத்தம் பாரத்துக்கு அடங்குகிறது என்றால் பாரத்தால் நிலை மாறும் ஒரு பாகம்தான் அதைப் போடுகிறது. பட்டை செட், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைத்து ஆடவிடும் ஷேக்கில், யூ போல்ட், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டில் இருக்கும் ஸ்லிப் ஜாயின்ட், எல்லாமே பின்பாதி. இந்த ஒரு வரியை முதல் ஒர்க்‌ஷாப்பில் சொன்னீர்களா, சொல்லியும் அவர்கள் காதில் வாங்கவில்லையா என்று தெரியவில்லை. ஆனால் லிங்க்கைக் கழற்றுவதற்கு முன்பே முன்பக்கத்தின் மேல் சந்தேகம் குறைந்திருக்க வேண்டிய இடம் இது.

ஸ்டியரிங் பற்றி எழுதியதும் அதையேதான் சொல்கிறது. நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பும்போது முன்பக்கத்து மூட்டுகள் எல்லாம் நன்றாகவே திணறும். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்டியரிங் ஷாஃப்டின் கிராஸ், ஸ்பிரிங்கின் மேல்முனை உட்காரும் இடம், இதில் ஏதாவது தேய்ந்திருந்தால் அப்போது குரல் கொடுப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கொடுக்கவில்லை. அப்புறம், சத்தம் ஒரே ஒரு தடவை வருகிறது என்கிறீர்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பாகம், உதாரணமாக முன் ஆக்சிலின் சிவி ஜாயின்ட், கெட்டால் ‘டக் டக் டக்’ என்று வேகத்துக்குத் தகுந்தபடி அடுக்கடுக்காக வரும். நின்று கிளம்பும்போது ஒருமுறை, அடுத்த முறை நின்று கிளம்பினால் மறுபடி ஒருமுறை என்றால் அது சுற்றும் பாகம் அல்ல. ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று, இழுவை வந்ததும் மறுபக்கம் நகர்ந்து உட்காருகிறது.

சரி, பிறகு ஏன் முன்னால், இடது காலடியில் கேட்கிறது? பிக்கப்பின் சேஸிஸ் என்பது முன் பம்பரிலிருந்து பின் பம்பர்வரை ஓடும் இரண்டு எஃகுத் தண்டுகள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், எஃகில் சுமார் 5000 மீட்டர், அதுவும் அதிகம் தேயாமல். பின் பட்டையின் முன்முனை சேஸிஸில் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு ‘டப்’ விழுந்தால் அது தண்டு வழியாகவே ஓடி, கேபின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்ட் வழியாக மேலேறி, மெல்லிய தகடாக இருக்கும் கால்தரையை மேளம் போல அதிரவைக்கும். நம் காது அந்தத் தகட்டைத்தான் கேட்கிறது. இடது பக்கம் கேட்பதால் கோளாறு இடது தண்டில் இருக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முன்னாலா பின்னாலா என்பதைக் காது சொன்னால் நம்பவே கூடாது.

இதை நான் ஒரு வாடிக்கையாளரின் வண்டியில்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. இதே போல ஒரு பிக்கப், இதே ‘டப்’. ஓட்டிப் பார்த்தேன், முன் வலது பக்கம் என்று காது அடித்துச் சொன்னது, பால் ஜாயின்டை மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அதே சத்தத்தோடு வண்டி திரும்ப வந்து நின்றது. என் மூத்த மெக்கானிக் எதுவும் பேசவில்லை, ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்துப் பின்பக்கம் போய்ப் படுத்துப் பார் என்றார். யூ போல்ட் ஆக்சிலைப் பிடிக்கும் இடத்தில், சேறும் துருவுமாகக் கறுத்திருந்த தகட்டின் ஓரத்தில், நகம் அகலத்துக்குப் பிறை போல ஒரு கீற்று, பாலிஷ் போட்டது போல மின்னியது. அதைச் சுற்றி செங்கல் தூள் மாதிரி நைசான சிவப்புப் பொடி. விரலால் தொட்டால் ஒட்டியது. இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு இரும்பு ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருந்தால் இந்தப் பொடிதான் உதிரும். கழற்றிப் பார்த்தால், பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்டின் தலை உட்காரும் வட்டக் குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முழு ஆக்சிலும் சில மில்லிமீட்டர் முன்னால் போய், பிரேக் அடித்தால் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. பால் ஜாயின்ட் வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மின்னும் கீற்றும் சிவப்புப் பொடியும் அன்றிலிருந்து மனதில் நிற்கிறது. நீங்களும் இந்த இரண்டையும்தான் தேடப் போகிறீர்கள்.

‘டப்’ எப்படி உண்டாகிறது என்பது புரிந்தால் தேடுவது சுலபம். இரண்டு பரப்புகள் அழுத்தத்தில் ஒட்டி நிற்கும்போது அவற்றை நகர்த்த அதிக விசை வேண்டும், நகர ஆரம்பித்துவிட்டால் குறைந்த விசையே போதும். அதனால் இழுவை ஏற ஏற அந்த இடம் பிடித்துக்கொண்டே இருந்து, தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று வழுக்கும். அதுவரை வளைந்து சேமித்த விசை எல்லாம் ஒரே நொடியில் அவிழும். அதுதான் உங்கள் சத்தம். மழைத் தண்ணீர் உள்ளே போனால் உராய்வு குறைகிறது, பிடித்து நிற்காமல் மெதுவாக நழுவிவிடுகிறது, சத்தம் இல்லை. காய்ந்ததும் திரும்ப வருகிறது. உங்கள் மழைக் குறிப்பு இதோடு அச்சாகப் பொருந்துகிறது, இன்னொன்றையும் சொல்கிறது: தண்ணீர் படும்படி வெளியில் இருக்கும் இடம் அது.

என் சந்தேகம் வரிசையாக இப்படி. முதலில் பட்டை செட்டின் முனைகள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தும் முனையில் பல வண்டிகளில் பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ ஒரு சின்ன லைனர் இருக்கும். ஒன்பது வருடத்தில் அது தேய்ந்து காணாமலே போயிருக்கும், அப்புறம் இரும்போடு இரும்பு. நின்று கிளம்பும்போது சக்கரம் முன்னால் சுற்ற, ஆக்சில் தான் பின்னால் சுருளப் பார்க்கும், பட்டை எஸ் வடிவத்தில் லேசாக நெளியும், அந்த நெளிவில் முனைகள் வழுக்கும். கோணலாகச் சரிவில் ஏறும்போதும் ஒரு பக்கப் பட்டை விரிய மறுபக்கம் சுருங்குவதால் அதே வழுக்கல். வெறும் வண்டியில் அடியில் இருக்கும் தடித்த ஹெல்ப்பர் பட்டை தொட்டும் தொடாமலும் நிற்கும், இழுவை வந்ததும் தட்டும். பாரம் ஏறினால் அது நன்றாக ஒட்டி உட்கார்ந்துவிடுகிறது, தட்டுவதற்கு இடைவெளி இல்லை. உங்கள் நான்கு குறிப்புகளும் இதில் இடிக்காமல் உட்காருகின்றன.

அடுத்து யூ போல்ட். லைனரை விட இதற்கு வாய்ப்பு குறைவாக இருந்தாலும் ஆபத்து அதிகம் என்பதால் சோதனையில் இதைத்தான் முன்னால் வைப்பேன். அப்புறம் ஷாஃப்டின் ஸ்லிப் ஜாயின்ட், பட்டை ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்காக வைத்திருக்கும் பல்வரிசை இணைப்பு. அதில் கிரீஸ் காய்ந்தால் நின்று கிளம்பும்போது வரும் ஒற்றைச் சத்தத்துக்குப் பேர் போனது அது. இரண்டு துண்டு ஷாஃப்டாக இருந்தால் நடுத் தாங்கி கேபினுக்குக் கீழேயே இருக்கும், காலடியில் கேட்பதற்கும் பொருந்தும். பாரம் ஏறினால் பல்வரிசை வேறு இடத்தில் உட்காரும் என்பதால் அதுவும் பொருந்தும். மழைதான் பொருந்தவில்லை, பொதுவாக அது சீல் போட்டு மூடியிருக்கும். கடைசியாக கேபின் மவுண்டும் லோடு பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்களும். சேஸிஸ் முறுக்கும்போது இவை சத்தம் போடும், சரிவில் வரும் சத்தம் இவையாகவும் இருக்கலாம்.

இனி சோதனை. ஒரு மதிய நேரமும், உங்களுக்கு உதவ ஒரு ஆளும், காய்ந்த வானிலையும் போதும்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டூ வீல் டிரைவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், டி-யில் போட்டு இரண்டு நொடி, ஆர்-இல் போட்டு இரண்டு நொடி. நாலைந்து முறை போதும். உதவிக்கு வந்தவர் வண்டியின் பக்கவாட்டில் தள்ளி நின்று கேட்கட்டும், முன்னாலோ பின்னாலோ அடியிலோ யாரும் இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரேக் சக்கரத்தைப் பிடித்திருக்கும்போது ஷாஃப்ட் முறுக்கப்படுகிறது, ஆனால் ஆக்சில் சுருளுவதில்லை, ஏனென்றால் பிரேக்கும் அதே ஆக்சில் ஹவுசிங்கில்தான் மாட்டியிருக்கிறது, இரண்டு விசையும் உள்ளுக்குள்ளேயே சரியாகிவிடுகின்றன. அதனால் இப்போதே ‘டப்’ வந்தால் ஷாஃப்ட், அதன் மூட்டான கிராஸ், ஸ்லிப் ஜாயின்ட், இல்லாவிட்டால் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் பக்கம் போங்கள். இப்போது வராமல், பிரேக்கை விட்டு வண்டி நகரும்போதுதான் வருகிறது என்றால் பட்டை, யூ போல்ட் பக்கம் சந்தேகம் நன்றாகவே வலுக்கும். பத்து நிமிட வேலை, பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிறகு கோடு போடுங்கள். வெள்ளை பெயின்ட் பேனாவோ நகப்பூச்சோ எதுவானாலும் சரி. யூ போல்ட் இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பட்டையிலிருந்து ஆக்சில் மேல் உள்ள தாங்கி வரைக்கும் ஒரே நேர்க்கோடு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகட்டுக்கு ஒரு கோடு. கேபின் மவுண்டின் தலைக்கும், லோடு பாடி போல்ட்களுக்கும் அதே மாதிரி. இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். எங்கே கோடு உடைந்து, ஒரு பாதி மறு பாதிக்கு நேராக இல்லாமல் விலகி நிற்கிறதோ, அங்கே அசைவு இருக்கிறது. அடியில் போவதாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டுப் போங்கள், தூக்கினால் ஸ்டாண்டின் மேல் வைத்த பிறகுதான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை வைக்காதீர்கள், இதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, உங்கள் கடிதத்தைப் படித்ததுமே மனதில் வந்தது. மழை வந்தால் சத்தம் போகிறது அல்லவா, அந்த மழையைத் துண்டு துண்டாகப் பெய்யவைப்போம். காய்ந்த நாளில் சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று ஒருமுறை உறுதி செய்துவிட்டு, தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, இடது பின் பட்டையின் முனைகளிலும் ஷேக்கில் புஷ்ஷிலும் மட்டும் நன்றாக இறங்கும்படி ஊற்றுங்கள். பிரேக் டிஸ்க், டிரம், டயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் இடம் கிடைத்துவிட்டது. நிற்கவில்லையா, வலது பக்கம். அதுவும் இல்லையா, கேபின் மவுண்ட் ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முந்தையது காய நேரம் கொடுங்கள், அவசரப்பட்டால் எது அடக்கியது என்று தெரியாது. எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் புஷ் ஊதிப் போகும், சோதனைக்கு ஊற்றியது புதுக் கோளாறாக வந்து நிற்கும்.

இதற்கு மேலும் தெளிவு வேண்டுமென்றால் உங்கள் கைபேசி உதவும். துணியில் சுற்றி, சேஸிஸ் தண்டில் டேப்பால் இறுக்கிக் கட்டி, ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் சில மீட்டர் முன்னால் போய் பிரேக், சில மீட்டர் பின்னால் போய் பிரேக், ஐந்து முறை. சுற்றும் ஷாஃப்டுக்கும் சூடான சைலன்சர் குழாய்க்கும் பக்கத்தில் கட்டாதீர்கள். முதலில் இடது முன் சக்கரத்துக்கு அருகே, பிறகு கேபினுக்குக் கீழே நடுவில், பிறகு பின் பட்டையின் முன்முனையில், ஒவ்வொரு இடத்திலும் அதே ஓட்டம். சத்தத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், கைபேசி தானே கூட்டிக் குறைத்துவிடும். சத்தத்தின் விளிம்பைக் கேளுங்கள். தூரத்தில் இருக்கும்போது ‘தொம்’ என்று மழுங்கி இருப்பது, பக்கத்தில் போனதும் ‘டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும்.

ஸ்லிப் ஜாயின்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், கையேட்டில் சொல்லியிருக்கும் கிரீஸை அடித்து நாலு நாள் பாருங்கள். இருப்பதிலேயே செலவு குறைந்த சோதனை இதுதான். பழைய கிரீஸ் எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிடுங்கள், சீல் பிதுங்கும்வரை அடிக்க வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியதும் முக்கியம். லைனர் போயிருந்தால் புது லைனர் போட்டு, பட்டைகளின் முனையைச் சுத்தம் செய்து மாட்டினால் தீர்ந்தது. ஆனால் பட்டை செட்டை வீட்டில் பிரிக்காதீர்கள், சென்டர் போல்டைக் கழற்றும்போது பட்டைகள் தெறிக்கும், கிளாம்ப் போட்டுப் பிரிக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. யூ போல்ட் தளர்ந்திருந்தால் அதையே திரும்ப முறுக்கி அனுப்புவதை ஏற்காதீர்கள். ஒருமுறை முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், புது போல்ட், புது நட் போட வேண்டும், சென்டர் போல்டின் தலையும் அது உட்காரும் குழியும் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட வேண்டும். துருப்பிடித்த மரையில் டார்க் ரெஞ்ச் போட்டால் அளவு காட்டும், பிடிப்பு இருக்காது. சாதாரணமாகவே நாம் முறுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி எல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வில் போகிறது. துரு அந்தப் பத்தில் ஒன்றையும் தின்றுவிடும். நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்கி, முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, 1000 கிலோமீட்டர் வாக்கில் இன்னொருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முன்பக்கத்தில் செய்த வேலையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு அங்கே என்பதால் அல்ல, மூன்று பேர் கைவைத்த இடம் என்பதால். முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையான லோயர் ஆர்மைக் கழற்றி மாட்டியிருந்தால், அதன் ரப்பர் புஷ்ஷின் போல்டைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கினார்களா, வண்டி தரையில் தன் எடையோடு நின்றபோது முறுக்கினார்களா என்று கேளுங்கள். தொங்கும்போது முறுக்கினால் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகி நிற்கும், சீக்கிரம் கிழியும். புது பால் ஜாயின்டில் ஆட்டம் உண்டா என்று பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. உங்கள் வண்டியில் ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியை ஆர்முக்கு அடியில் வைத்துத் தூக்க வேண்டும். சேஸிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயின்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த ஜாயின்ட்கூட நல்லது போல் தெரியும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். காய்ந்த கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டித் திருப்பினால் சில வண்டிகளில் ஷாஃப்ட்கள் முறுக்கேறி ‘டப்’ என்று அவிழும், பகுதிநேர ஃபோர் வீலில் அது இயல்பு, அங்கே அதைப் போடக் கூடாது, அவ்வளவுதான். ரிவர்ஸ் எடுத்த பிறகு முன்னால் போய் முதல் பிரேக் அடிக்கும்போது ஒரு ‘டக்’ வந்தால் அது பிரேக் பேட் தன் இடத்தில் நகர்ந்து உட்காரும் சத்தமாக இருக்கலாம். உங்களுடையது பிரேக்கை விட்டுக் கிளம்பும்போது வருகிறது, அதனால் அதைச் சேர்க்கவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது “சத்தம் வருகிறது, பாருங்கள்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் அந்தக் கிளம்பலை நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். வெறும் வண்டியாகக் கொண்டு போங்கள், மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், கொஞ்சம் பாரத்தோடும் போகாதீர்கள், போனால் அவர்களுக்குச் சத்தமே கேட்காது, பிறகு ஊகத்தில் ஏதாவது ஒன்றைக் கழற்றுவார்கள். கோடு உடைந்த இடத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் காட்டுங்கள். பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், அது அசைவதை எனக்குக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார், டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்களை அடியில் கூப்பிடுவார்.

டி-ஆர் சோதனையில் சத்தம் வந்ததா இல்லையா, தண்ணீர் ஊற்றியபோது எந்தப் பக்கம் அடங்கியது, இந்த இரண்டையும் எழுதுங்கள். இடது பட்டை என்று வந்தால் லைனரைக் கழற்றும்போது ஹெல்ப்பர் பட்டையின் முனையில் மின்னும் கீற்று இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள், அதை வைத்து மேலே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.